கடிமரமும் கடிதங்களும்

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில், ஏடர் ஆற்றங்கரையில், ஃப்ரிட்ஸ்லர் என்றொரு பழைய ஊர். அங்கே பேராலயத்துக்கு வெளியே ஓர் ஆயரின் சிலை நிற்கிறது. ஆயர்களின் சிலைகளில் செங்கோலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவர் கையிலிருக்கும் கோடரி சட்டென்று உறுத்தும். நிற்பதும் வெட்டுண்ட ஓக் மரத்தின் அடிக்கட்டைமேல். ஜெர்மானியரின் அப்போஸ்தலர் என்று கத்தோலிக்க உலகம் கொண்டாடும் போனிஃபாஸ் இவர்தான். கி.பி. 723 வாக்கில், இந்த ஊரை ஒட்டிய கைஸ்மரில், இடியின் தெய்வமான டோனாருக்கு உரியதென்று மக்கள் வணங்கிவந்த மரத்தை வெட்டினார். எண்பதை நெருங்கும்வரை வாழ்ந்த ஒரு மனிதரின் கதை அந்த ஒரு வெட்டுக்குள் அடங்கிவிட்டது.

வெட்டைப் பற்றிச் சொல்வது வில்லிபால்ட் என்ற குரு எழுதிய வாழ்க்கை வரலாறு. போனிஃபாஸ் இறந்து சில ஆண்டுகளில் எழுதியது. அடிமரத்தில் லேசாக ஒரு வெட்டு விழுந்ததுமே மேலிருந்து பெருங்காற்று இறங்கியதாம். மரம் நான்கு சமத் துண்டுகளாகப் பிளந்து விழுந்ததாம். அதுவரை சபித்துக்கொண்டு நின்ற கூட்டம் அந்தக் கணமே மனம் மாறியதாம். அந்த மரத்தைக்கொண்டே பேதுருவின் பெயரில் ஒரு சிற்றாலயம் எழுப்பப்பட்டது. போனிஃபாஸின் கடிதங்கள் நிறைய எஞ்சியிருக்கின்றன. அவற்றில் இந்த மரத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

இந்தக் கதையைப் படிக்கும் தமிழ் வாசகனுக்கு வேறொரு மரம் நினைவுக்கு வராமல் போகாது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்து போய்ப் பகைவரின் காவல் மரமான கடம்பை வெட்டுகிறான். அந்த மரத்தில் முரசு செய்கிறான். அவன் மகன் செங்குட்டுவன் பழையனின் வேம்பை வெட்டுகிறான். வெட்டிய மரத்தை இழுத்துவரப் பகைவர் வீட்டுப் பெண்களின் கூந்தலைக் கயிறாகத் திரித்தார்கள். கடிமரம் தடிதல் நம் புறத்திணையில் ஒரு போர்ச் செயல். மரத்தைக் காக்க முடியாதவன் நாட்டையும் காக்க முடியாதவன் என்பது வெட்டுபவனுக்கும் தெரியும், பார்த்துக்கொண்டிருப்பவனுக்கும் தெரியும். கைஸ்மரில் கூடியிருந்த கூட்டத்துக்கும் இது விளங்கியிருக்கும். வெட்டிய மரத்தில் ஒருவன் முரசு செய்தான், இன்னொருவர் ஆலயம் கட்டினார். இரண்டும் ஒலிக்கத்தானே.

கூட்டம் ஏன் அவரைத் தடுக்கவில்லை என்பதற்கு விடை தேடக் காற்றை நோக்கி அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. ஏடர் ஆற்றின் மறுகரைக் குன்றில் ப்யூராபுர்க் என்ற கோட்டை இருந்தது, பிராங்கியரின் கோட்டை. போனிஃபாஸின் பையிலோ பிராங்கிய நாட்டை ஆண்ட சார்ல்ஸ் மார்டெல் அதே 723இல் கொடுத்த பாதுகாப்புக் கடிதம் இருந்தது. இதை நானாக ஊகித்துச் சொல்லவில்லை. பிற்காலத்தில் தன் பழைய நண்பரான வின்செஸ்டர் ஆயர் டேனியலுக்கு எழுதும்போது, பிராங்கிய ஆட்சியாளரின் ஆதரவு இல்லாமல் மக்களை ஆளவோ, குருக்களையும் துறவிகளையும் காக்கவோ, அந்த ஆட்சியாளரின் ஆணையும் அவர்மேலுள்ள பயமும் இல்லாமல் பழைய வழிபாடுகளைத் தடுக்கவோ தன்னால் முடியாது என்று போனிஃபாஸே ஒப்புக்கொள்கிறார். அற்புதங்களை நம்பிய காலத்தில் வாழ்ந்தவர், காரியம் எதனால் நடக்கிறது என்பதில் தெளிவாக இருந்திருக்கிறார்.

அதே கடிதத்தில் இன்னொரு வேண்டுகோளும் வருகிறது. தன் ஆசிரியர் வின்பர்ட் வைத்திருந்த ஒரு புத்தகம் வேண்டும் என்கிறார்: ஆறு தீர்க்கதரிசிகளை ஒன்றாகச் சேர்த்து, எழுத்துகளை ஒட்டாமல் தெளிவாக எழுதிய சுவடி. கண் மங்கிவருகிறது, பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லை, இந்த நாட்டில் அப்படியொரு புத்தகம் கிடைக்காது. கடிதத்தைப் பெறும் டேனியலுக்கோ பார்வையே போய்விட்டது. அதற்கு ஆறுதலும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. பார்வை குறைந்த கிழவர் பார்வையற்ற கிழவரிடம் புத்தகம் கேட்கிறார். கோடரிச் சிலைக்குப் பதிலாக இதைச் சிலையாக வடித்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கும்.

அவருடைய இயற்பெயர் வின்ஃப்ரித். 670களில், இங்கிலாந்தின் தென்மேற்கில், வெசெக்ஸ் அரசில் பிறந்தவர். டெவனிலுள்ள கிரெடிடன் தன்னுடைய ஊர் என்கிறது. சிறுவனாகவே மடத்தில் சேர்ந்து, நர்ஸ்லிங் மடத்தில் ஆசிரியராகி, லத்தீன் இலக்கணம் ஒன்றும் யாப்பு பற்றிய சிறுநூல் ஒன்றும் விடுகதைச் செய்யுள்களும் எழுதினார். இலக்கண வாத்தியார். அப்படியே இருந்திருந்தால் மடத்துத் தலைவராகி, நிம்மதியாகச் செத்திருப்பார். நாற்பது வயது வாக்கில், 716இல், கடல் கடந்து ஃப்ரீசிய நாட்டுக்குப் போனார். அங்கே அரசன் ராட்போட் பிராங்கியரோடு போரிட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் நடக்காமல் ஊர் திரும்பினார். 718இல் மறுபடியும் கிளம்பினார். இம்முறை ரோம் வழியாக. 719 மே மாதம் போப் இரண்டாம் கிரிகோரி அவருக்குப் போனிஃபாஸ் என்று பெயர் சூட்டி அனுப்பினார். 722இல் ஆயர் பட்டம், 732இல் பேராயர். அதன்பின் அவர் இங்கிலாந்தை மிதிக்கவேயில்லை.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. வெசெக்ஸுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த ஆயர் பிரினஸ் அங்கே வந்திறங்கியது 634 வாக்கில். அரசன் கினகில்ஸுக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்தது 635இல். போனிஃபாஸ் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்புதான். அவருடைய தாத்தா காலத்தில் ஊரே வோடனையும் துனோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தது. துனோர் வேறு யாருமல்ல, கைஸ்மரின் டோனார்தான். ஆங்கிலோ சாக்சன் அரசர்கள் ஞானஸ்நானம் பெற்ற பின்னும் தங்கள் வம்சாவளியை வோடனிலிருந்துதான் எழுதிவந்தார்கள். பீட் பாதிரியாரின் வரலாற்றிலேயே அதைப் பார்க்கலாம். 738 வாக்கில் போனிஃபாஸ் இங்கிலாந்துக் கிறிஸ்தவர்கள் அனைவருக்கும் எழுதிய கடிதத்தில், கண்டத்திலுள்ள சாக்சன்கள் மனம் மாற வேண்டிக்கொள்ளுங்கள், நாங்களும் நீங்களும் ஒரே ரத்தம் ஒரே எலும்பு என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள் என்கிறார். அவர் வெட்டியது அந்நியரின் சாமியை என்று நினைப்பது பிசகு. அது அவருடைய பாட்டன் கும்பிட்ட சாமி.

டேனியலின் கடிதம் ஒன்றும் போனிஃபாஸின் கடிதத் தொகுப்பில் இருக்கிறது. மரம் விழுந்த காலத்தை ஒட்டியது. பழைய தெய்வங்களைக் கும்பிடுபவர்களோடு வாதாடுவது எப்படி என்று ஆலோசனை சொல்கிறார். அவர்களுடைய தெய்வங்களின் வம்சாவளியை மறுக்காதே. பிறந்தார்கள் என்றே சொல்லட்டும். பிறந்தவர்கள் என்றால் தொடக்கம் உண்டு. அப்படியானால் அவர்களுக்கு முன் உலகை ஆண்டது யார் என்று கேள். இன்னும் பிள்ளை பெறுகிறார்களா, நிறுத்திவிட்டார்களா என்று கேள். திட்டாதே, எரிச்சலூட்டாதே, நிதானமாகக் கேள். இதுவரை சாமர்த்தியம். அடுத்துவரும் வாதத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது: தெய்வங்கள் உண்மையில் வல்லமை உள்ளவை என்றால் எண்ணெயும் திராட்சை ரசமும் செழிக்கும் நாடுகளையெல்லாம் கிறிஸ்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, குளிரில் உறையும் வடக்கை மட்டும் ஏன் தங்கள் பக்தர்களுக்கு வைத்திருக்கின்றன? இந்த வாதத்தைக் காவிரிப் படுகையில் வந்து சொன்னால் அது சொன்னவர்மேலேயே திரும்பியிருக்கும்.

காவிரிப் படுகைக்கு வந்தவர்களும் உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸில் பிறந்தவர். அந்த ஊர் இருக்கும் மாநிலத்துக்குச் சாக்சனி என்று பெயர்; ஆனால் போனிஃபாஸ் ஏங்கிய பழைய சாக்சன்களின் நிலம் அதற்கு வடமேற்கே வெகுதூரம். பெயர் மட்டும் நகர்ந்து வந்துவிட்டது. வந்த தொடக்க ஆண்டுகளில் ஒருநாள் சீகன்பால்கும் ஒரு கோயிலடியில் கைவரிசை காட்டினார். அங்கிருந்த சுதைச் சிலைகள் சிலவற்றைக் கீழே தள்ளினார், சிலவற்றின் தலையை உடைத்தார். அங்கே வந்த ஊர் வாத்தியார் ஒருவர், ஐயா, இவை சாமிகளே இல்லை, சாமியின் படைவீரர்கள் என்றார். அய்யனார் கோயில் வாசலைப் பார்த்தவர்கள் அவர் சொன்னதை உடனே ஒப்புக்கொள்வார்கள். இந்தப் பதிலைச் சீகன்பால்கே தன் கடிதத்தில் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார்.

ஆயிரம் ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு உடைப்புகள். எனக்கு அந்த வாத்தியார்தான் முக்கியமானவராகத் தெரிகிறார். கைஸ்மரிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். மரம் சாமி அல்ல, சாமி இறங்கும் இடம் என்றோ, போன இடியில் இதன் கிளை முறிந்தபோதே அவர் போய்விட்டார் என்றோ சொல்லியிருப்பார். அதை எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை. வில்லிபால்டின் கதையில் கூட்டம் சபிக்கிறது, பிறகு நம்புகிறது. நடுவில் ஒரு வாக்கியம்கூடப் பேசுவதில்லை. சேரனின் கடம்பைக் காத்தவர்களும் அப்படியே. அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் வென்றவனைப் பாடியவர் விட்டுவைத்ததுதான்.

தரங்கம்பாடியில் கதை மேலும் போனது. சீகன்பால்கும் அவருடைய தோழர் க்ரூண்ட்லரும் 1712 முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தமிழர்களிடம் கேள்விகளை அனுப்பி எழுத்தில் பதில் வாங்கினார்கள். ஏறத்தாழ நூறு கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாகின. எழுதியவர்களின் பெயர் இல்லை, குரல் இருக்கிறது. பசுவைக் கொன்று தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், கை கால் கழுவுவதில்லை, உங்கள் மதத்தில் எப்படிச் சேருவது என்று கேட்கிறார்கள். 1713இல் சீகன்பால்கு தமிழ்த் தெய்வங்களின் வம்சாவளியைப் பெரிய நூலாகவே எழுதினார். டேனியல் வாதத்துக்குக் கருவியாகச் சொன்ன வம்சாவளி, இவர் கையில் படிப்பாக மாறிவிட்டது. ஹாலேயிலிருந்து மிஷனை வழிநடத்திய ஃப்ராங்கேவுக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று ஒதுக்கிவிட்டார். நூல் அச்சேறியது 1867இல், சென்னையில்.

ஹெஸ்ஸன் மக்களின் குரல் கேட்க வேண்டுமென்றால் அவர்களுக்கு விதித்த தடைகளின் வழியாகத்தான் கேட்க வேண்டும். 740களில் போனிஃபாஸ் கூட்டிய திருச்சபை மன்றங்களோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு பட்டியல், வத்திக்கான் நூலகச் சுவடி ஒன்றில் இருக்கிறது. கைவிட வேண்டிய மூடப்பழக்கங்கள், முப்பது தலைப்புகள். விளக்கம் கிடையாது, தலைப்பு மட்டும். தோப்புகளில் வழிபாடு, நீரூற்றுகளுக்குப் படையல், கல்லுக்குப் படையல், தும்மலிலும் பறவையிலும் சகுனம், கிரகணத்தின்போது நிலாவைப் பார்த்துக் கூச்சல், மாவில் பிடித்த உருவம், துணியில் செய்த உருவம், வயல் வழியாகத் தூக்கிச் செல்லும் உருவம், மரத்தில் செய்த கை கால்கள். ஐரோப்பிய ஆய்வாளர்கள் இந்தத் தலைப்புகளுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருக்கிறார்கள். சமயபுரத்தில் உருவாரம் வாங்கிய பாட்டிக்கு எந்த விளக்கமும் வேண்டாம். வேளாங்கண்ணியில் மாதாவுக்கு வெள்ளிக் கையும் காலும் காணிக்கை செலுத்தும் கத்தோலிக்கருக்கும் வேண்டாம். போனிஃபாஸின் பட்டியலில் தடை செய்யப்பட்ட ஒன்று, அவர் சபையின் புகழ்பெற்ற திருத்தலத்திலேயே கடைவீதியில் விற்கிறது.

இந்தச் சங்கடம் அவருக்கே வந்தது. புத்தாண்டு நாளில் ரோமில், பேதுரு ஆலயத்துக்குப் பக்கத்திலேயே, பழைய முறைப்படி ஆட்டமும் பாட்டும் நடக்கிறது, பெண்கள் கையில் தாயத்துக் கட்டிக்கொள்கிறார்கள், விற்கவும் செய்கிறார்கள். இங்கிருந்து ரோமுக்குப் போய்வரும் பாமரர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து எங்களைக் கேட்கிறார்கள் என்று 742இல் போப் ஸக்காரியாஸுக்கு எழுதினார். புண்பட்ட குரல். ரோமைத் தொலைவிலிருந்து தூய்மையாகக் கற்பனை செய்துகொண்டவரின் குரல்.

ரோமோடு அவருடைய கடிதப் போக்குவரத்தில் பாதி, சின்னச் சின்ன ஐயங்கள். குதிரை இறைச்சி தின்னலாமா? கூடாது. பன்றிக் கொழுப்பை எப்போது தின்பது? பிதாக்கள் இதற்கு விதி எதுவும் வைக்கவில்லை. புகையில் வாட்டியோ நெருப்பில் சமைத்தோ தின்னலாம், பச்சையாகத் தின்ன விரும்பினால் ஈஸ்டர் முடியட்டும். ஒரு பேராயர் கேட்க, ஒரு போப் உட்கார்ந்து பதில் எழுதுகிறார். எனக்கு இது அற்பமாகப் படவில்லை. புதிய மதத்துக்கு மாறியவனின் நாள் இத்தகைய கேள்விகளால்தான் நிரம்பியிருக்கும்; திரித்துவம் பற்றிய ஐயம் அவனுக்கு இரண்டாம் தலைமுறையில் வந்தால் போதும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பவேரியப் பாதிரியார் விவகாரம். லத்தீன் அரைகுறையாகத் தெரிந்த அவர், ஞானஸ்நானம் கொடுக்கும்போது தந்தை, மகன் ஆகிய சொற்களின் வேற்றுமை உருபுகளைச் சிதைத்துச் சொன்னார். இலக்கண நூல் எழுதியவருக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த ஞானஸ்நானம் செல்லாது, திரும்பக் கொடுங்கள் என்றார் போனிஃபாஸ். அங்கிருந்த விர்ஜில் என்ற அயர்லாந்துக்காரர் போப்புக்குப் புகார் எழுதிவிட்டார். தப்பான கொள்கையால் அல்ல, மொழி தெரியாததால் நேர்ந்த பிழை. திரும்பக் கொடுக்கக் கூடாது என்று 746இல் ஸக்காரியாஸ் தீர்ப்பளித்தார். போப் சொன்னதுதான் சரி. ஆனால் என் அனுதாபம் இலக்கண வாத்தியார் பக்கம்.

ரோமுக்குப் போகாத கடிதங்களில் பல இங்கிலாந்துக்குப் போயின, அவற்றுள் சில பெண்களுக்கு. எட்பர்கா என்ற மடத்துத் தலைவியிடம் பேதுருவின் நிருபங்களைப் பொன் எழுத்தில் எழுதித்தரக் கேட்கிறார், பொன்னையும் அனுப்புகிறார். ஏன் பொன்? உலகியல் கண் கொண்டவர்கள்முன் வேதத்துக்கு மதிப்பு உண்டாக வேண்டும் என்கிறார். அவருடைய தாய்வழி உறவினரான லியோபா, நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்துங்கள் என்று தன் செய்யுளை இணைத்து எழுதினார். பின்னர் அவரே வந்து டாபர்பிஷோஃப்ஸ்ஹைம் மடத்தின் தலைவியானார். தன் கல்லறையிலேயே லியோபாவையும் வைக்க வேண்டும் என்று போனிஃபாஸ் சொல்லியிருந்தார். லியோபா இறந்தபோது, போனிஃபாஸ் அடக்கமாகியிருந்த ஃபுல்டா மடத்தின் துறவிகள் கல்லறையைத் திறக்கத் தயங்கி, அவரை வேறிடத்தில் அடக்கம் செய்தார்கள்.

752 வாக்கில் எழுதிய கடிதத்தில் மரணம் தெரிகிறது. பிராங்கிய அரசவையில் செல்வாக்குள்ள மடாதிபதி ஃபுல்ராடுக்கு எழுதுகிறார்: என் ஆட்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்நியர்கள், எல்லைப்புறத்திலுள்ள குருக்கள் மிகவும் ஏழைகள், சோறு கிடைத்துவிடும், உடுக்கத் துணி கிடைக்காது, எனக்குப் பிறகு அவர்களைச் சிதறவிடாதீர்கள். அப்போது அவர் பவேரிய மறைமாவட்டங்களைச் சீரமைத்தவர், மைன்ஸின் பேராயர், போப்பின் தூதர். இவ்வளவு பதவிக்குப் பின்னும் சட்டைத் துணிக்காகக் கையேந்துகிறார்.

பின்வந்த நூற்றாண்டுகள் அவரைக் கோடரியோடு மட்டும் வைத்துக்கொண்டதற்கு ஜெர்மானியர்களுக்குக் காரணம் உண்டு. ஜெர்மனியை ரோமுக்கு விற்றவர் என்று புராட்டஸ்டன்டுகளில் ஒரு சாரார் ஏசினார்கள். புனித மரத்தை அழித்த அந்நியன் என்று இருபதாம் நூற்றாண்டின் புதிய வோடன் பக்தர்கள் ஏசினார்கள். மறுபக்கம் 1867 முதல் ஜெர்மனியின் கத்தோலிக்க ஆயர்கள் ஃபுல்டாவில் அவர் கல்லறைக்கு அருகே கூடிவருகிறார்கள். ஏசவும் கொண்டாடவும் மரம் வசதியானது. துணி கேட்கும் கிழவர் யாருக்கும் வசதியில்லை.

754இல், எண்பதை ஒட்டிய வயதில், முதலில் தோற்ற ஃப்ரீசிய நாட்டுக்கே புறப்பட்டார். புத்தகப் பெட்டியில் தன் உடலைச் சுற்ற ஒரு துணியும் வைக்கச் சொன்னதாக வில்லிபால்ட் எழுதுகிறார். ஜூன் 5 அன்று, இன்றைய நெதர்லாந்தின் டோக்கும் அருகே, ஆயுதம் தாங்கிய கும்பல் ஒன்று வந்தது. எதிர்த்துச் சண்டையிட வேண்டாம் என்று தம் ஆட்களைத் தடுத்தார். அவரோடு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஃபுல்டா பேராலய அருங்காட்சியகத்தில் ஆழமான வெட்டுகள் விழுந்த தோல் சுவடி ஒன்று இருக்கிறது. அதைத் தூக்கித் தலையைக் காத்துக்கொள்ள முயன்றார் என்பது மரபு. பலரும் நினைப்பதுபோல் அது நற்செய்தி நூல் இல்லை. செவில்லே இசிதோரின் நூல் உள்ளிட்ட சில இறையியல் நூல்களின் தொகுப்பு.

கும்பல் பெட்டிகளை உடைத்தது. பொன்னை எதிர்பார்த்த இடத்தில் புத்தகங்கள். வயலிலும் சதுப்பிலும் வீசிவிட்டுப் போனார்கள். அவர்கள் பெயர், ஊர், ஆத்திரத்தின் காரணம் எதையும் வில்லிபால்ட் கேட்டு வைக்கவில்லை. அதற்கு அடுத்து நடந்ததை மட்டும் தயங்காமல் சொல்கிறார். சில நாட்களில் அந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் படை திரட்டிப் போய்ப் பழி தீர்த்தார்கள். கொள்ளையில் அகப்பட்டவற்றுள் அந்தக் கும்பலின் மனைவியரும் பிள்ளைகளும் அடிமைகளும் இருந்தார்கள். எஞ்சியவர்கள் அஞ்சி ஞானஸ்நானம் பெற்றார்கள். சண்டை வேண்டாம் என்றவரின் வரலாற்றில் இதையும் அவருடைய வெற்றியாகவே வில்லிபால்ட் கணக்கில் சேர்க்கிறார். அவர் காலத்தில் கூச்சப்பட இதில் ஒன்றும் இருக்கவில்லை.